சித்தப்பாவின் தொண்டையில் விழித்தவை

பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸில் என் சித்தப்பா லூர்து போனில் பேசினால், "இதுக்கு எதுக்குங்க போனு?" என்று பக்கத்து வீட்டிலிருந்து கேட்பார்கள். ஒர்க்‌ஷாப்பில் இரும்பு அடிக்கும் இயந்திரத்தின் அருகே வேலை பார்ப்பவர். மெதுவாகப் பேச வராது. சென்ற ஆண்டு அந்தக் குரல் கரகரத்தது. பீடியால்தான் என்று தள்ளிப்போட்டார். புத்தூர் டாக்டர் புற்றுநோய் என்றார். முற்றியிருப்பதால் குரல்வளையையே எடுத்துவிட வேண்டுமாம்.

"குரல எடுத்துட்டு என்னை எதுக்கு வெச்சிருக்கணும்?" என்று கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

அவருக்கு எடுத்துச் சொல்ல சித்தி என்னை வரச் சொன்னார். எங்கள் குடும்பத்தில் முதலில் கல்லூரிக்குப் போனவள் நான். எம்.எஸ்சி.யில் என் ஆய்வே இந்த வகைக் கட்டிகளின் மரபணுக்களை மெஷின் வைத்துப் படிப்பதுதான்.

"வாங்க டாக்டரம்மா," என்றார் சித்தப்பா. "இந்தக் கட்டி இப்படியே அசையாம கெடக்குமான்னு உங்க மெஷின் சொல்லுமா?"

"உங்களுக்கு இப்படித்தான்னு உறுதியா சொல்ற அளவுக்கு நாங்க இன்னும் வரல சித்தப்பா."

"அப்ப என்னத்தப் படிச்ச?"

அதை நானும் அடிக்கடி என்னைக் கேட்டுக்கொள்வேன். தெரிந்ததைச் சொன்னேன். கண்ணிலும் தோலிலும் தொண்டையிலும் இருப்பவை ஒரே மரபணுக்கள்தான். எங்கே எது வேலை செய்கிறது என்பதில்தான் வித்தியாசம். தாயின் வயிற்றில் உடம்பு உருவாகும்போது சில செல்கள் பக்கத்துச் செல்லின் பிடியை விட்டு நகர்ந்து போய் வேறிடத்தில் அமர்கின்றன. அந்த வேலையைச் செய்த மரபணுக்கள் பிறகு பெரும்பாலும் அடங்கிவிடும். பரவும் கட்டிகளில் அவற்றில் சில மறுபடி விழித்துக்கொள்வதைப் பார்க்கிறோம்.

சித்தப்பா கழுத்தைத் தடவிப் பார்த்தார்.

"என்னை உண்டாக்குன அதே வேலையா?"

"அதேதான். நேரம் தப்பி நடக்குது."

"மாதாவே! எங்கம்மா வயித்துல பண்ணத இன்னும் மறக்கலையா அது?" பயத்தைவிட வியப்புதான் அந்தக் குரலில் இருந்தது. "தானா நிக்குமா?"

"நிக்காது சித்தப்பா."

அன்று மாலை அவருடன் வேலை பார்க்கும் மதுரைவீரன் வந்தார். விஷயம் கேட்டதும் சிரித்தார். "யோவ், ஷாப்புக்குள்ள இத்தன வருஷமா உன் குரல எவன்யா கேட்டான்?"

விரல்களை மடக்கி, மணிக்கட்டைத் திருப்பி ஏதோ காட்டினார். சித்தப்பாவும் கையாலேயே பதில் சொன்னார். இயந்திரச் சத்தத்தில் வாயால் பேச முடியாத தொழிலாளர்கள் தங்களுக்குள் உண்டாக்கிக்கொண்ட பேச்சு அது. கைகள் வேகமாக ஓடின. இருவரும் குலுங்கிச் சிரித்தார்கள்.

"என்னைப் பத்தித்தானே?" என்றார் சித்தி.

"ஆமா பிரான்சி. நீயும் கத்துக்கிட்டா திட்டறது புரியும்."

"கத்துக்கிறேன். மொதல்ல ஆஸ்பத்திரிக்கு வாங்க."

ஆபரேஷன் முடிந்து வார்டில் படுத்திருந்தபோது அவர் மூக்கில் குழாய், கழுத்தில் மூச்சுத் துளை. என்னைப் பார்த்ததும் அவர் விரல்கள் அசைந்தன. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. சித்தி படுக்கையைச் சரிசெய்தபடியே பதில் சொன்னார்:

"மீன் கொழம்பா? அந்த டியூப்ல எப்படிங்க ஊத்துறது!"