உருளைக்கிழங்குக்கும் காற்று வேண்டும்

ஆமாம், அந்த வண்டியைப் பார்த்தேன். மதுரையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தேன். மலையேறத் தொடங்கிய பிறகு ஒரு வளைவில் எங்கள் பஸ் ஒதுங்கி நின்றது. மேலிருந்து ஆம்புலன்ஸ் இறங்கி வந்தது. முன் இருக்கையில் இருந்தவர், "கொடைக்கானல்ல இருந்து வருது போல. யாரோ, பாவம்" என்றார். நானும் அதையேதான் நினைத்தேன். யாரோ. சத்தம் தேய்ந்ததும் ஜன்னலைச் சாத்திக்கொண்டேன். குளிராக இருந்தது.

பெருமாள்மலைக்கு வந்து சிக்னல் கிடைத்ததும் அப்பா அழைத்தார்.

"தங்கேஸ்வரிம்மா போயிட்டாங்கம்மா. மலை இறங்குறதுக்குள்ளயே."

போனை மடியில் வைத்தேன். பக்கத்திலிருந்த பெண் ஆரஞ்சு உரித்து ஒரு சுளையை நீட்டினார். வாங்கித் தின்றேன். இனிப்பாக இருந்தது என்பது இன்னும் நினைவிருக்கிறது.

இதைப் படிக்கிற உங்களில் பாதிப் பேருக்குத் தங்கேஸ்வரி அக்காவைத் தெரியும். பெயர் தெரியாவிட்டாலும் ஆளைத் தெரியும். நாயுடுபுரத்திலிருந்து காலையில் புறப்படும் மினி பஸ்ஸில், கதவுக்குப் பக்கத்து ஒற்றை இருக்கை. ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு ஸ்வெட்டர். மடியில் நீளமான பிளாஸ்டிக் குழாய், அதற்குள் வரைபடங்கள். அந்தக் குழாயால் கண்டக்டரின் தோளில் தட்டி, "ஏலே, பின்னால மாசமா இருக்கிற புள்ள ஏறுது. விசில பெறகு ஊதலாம்" என்று சொல்கிறவர். கட்டட வரைவாளர். பல வருடங்கள் ஒரே பொறியாளரின் அலுவலகத்தில் வேலை பார்த்தார். நான் கட்டடக்கலை படித்துவிட்டு ஊர் திரும்பி அங்கேயே சேர்ந்தபோது எனக்கு எதிர்மேசை அவருடையது. அதற்கு முன்பிருந்தே அவர் எங்கள் வீட்டில் குடியிருந்தார்.

எங்கள் வீட்டில் என்று எழுதிவிட்டேன். எங்கள் வீட்டுக்கு அடியில்.

வெளியூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியிருக்கும். எங்கள் வீடு சரிவில் இருக்கிறது. மேல்ரோட்டில் நின்று பார்த்தால் ஒரு கதவு, ஒரு தகரக்கூரை, இரண்டு ஜெரேனியம் தொட்டி. அடக்கமான ஒற்றை மாடி. படிகளில் இறங்கிக் கீழ்ச்சந்துக்கு வந்து அண்ணாந்து பார்த்தால் மூன்று மாடி. மேல் இரண்டில் நாங்கள். அடியில், மலையைக் குடைந்த மாதிரி ஒரு அறையும் ஒரு சின்ன சமையலிடமும். அங்கே தங்கேஸ்வரி அக்கா. எங்கள் வரிசையில் எல்லா வீடுகளும் அப்படித்தான். மேலே கதவுகள். கீழே ஆட்கள்.

அவர் அதை அறை என்று சொல்லமாட்டார். காம்பரா என்பார். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில், லயம் என்கிற வரிசை வீடுகளிலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட குடும்பம். இவர் பிறந்தது இங்கே. ஆனாலும் அம்மாவின் வாயிலிருந்த சொற்களில் சில இவருடன் தங்கிவிட்டன. "லயத்துல காம்பராவுக்கு நம்பர் இருந்திச்சுன்னு அம்மா சொல்லும். இங்க வந்து எத்தனையோ வீடு மாறியாச்சு, ஒண்ணுக்கும் நம்பர் இல்ல" என்று ஒருமுறை சொன்னார். வருத்தமாகச் சொன்னதில்லை. தபால்காரரிடம் வழி சொல்லும்போது சொன்னது.

வேலையில் அவருக்கு ஒரு பழக்கம் இருந்தது. எந்தக் கட்டடத்தையும் ரோட்டிலிருந்து அளக்கமாட்டார். முதலில் சரிவில் இறங்குவார், சேலையைச் சொருகிக்கொண்டு. பாசி, குப்பை, நாய் எதையும் பார்க்கமாட்டார். அடியில் போய் நின்று மேலே பார்ப்பார். மாடிகளையும் கீழிருந்தே எண்ணுவார். "மேல இருந்து பாத்தா எல்லா வீடும் யோக்கியமாத்தான் இருக்கும் புள்ள." நான் சேர்ந்த வாரத்தில் ஒரு விடுதிக்காரர் வந்து சண்டை போட்டார்.

"ஒத்த மாடிக்கு எதுக்குங்க நாலு மாடி வரைஞ்சு வச்சிருக்கீங்க? ரோட்டுல நின்னு பாருங்க."

"நான் ரோட்டுல நிக்கலீங்களே. ஒங்க அடுப்படிக்குப் பின்னால வழுக்கி விழுந்தேன். விழுந்த எடத்துல இருந்து எண்ணுனேன். நாலு."

"விழுந்த அதிர்ச்சியில ரெண்டு ரெண்டாத் தெரிஞ்சிருக்கும்."

"அப்படின்னா ரெண்டுங்க. ஒண்ணு இல்லீங்களே."

விடுதிக்காரரே சிரித்துவிட்டார். சிரித்துவிட்டு வேறு அலுவலகத்துக்குப் போனார். அங்கே அவருக்கு ஒற்றை மாடி கிடைத்திருக்கும்.

மழை விட்ட மறுநாள் அவர் செய்கிற இன்னொரு வேலை உண்டு. எங்கள் வீட்டைத் தாங்கி நிற்கும் கல்சுவரில் தண்ணீர் வடிய ஓட்டைகள் விட்டிருக்கிறார்கள். அவற்றில் மண்ணும் வேரும் அடைத்துக்கொள்ளும். அடைத்தால் ஈரம் உள்ளே தங்கும், சுவர் மெல்ல வயிறு தள்ளும். அவர் ஒரு பழைய குடைக்கம்பியை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு ஓட்டையாகக் குத்தித் திறப்பார். அப்பா மேலிருந்து எட்டிப் பார்த்து, "என்னம்மா, எங்க வீட்டுக்குக் காது குடையுறீங்களா?" என்று கேட்பார்.

"ஆமாண்ணே. அப்பவாவது கீழ இருக்கவுக பேசுறது கேக்குதான்னு பாக்குறேன்."

நானும் சிரித்தேன். சிரித்தவர்களில் நானும் ஒருத்தி என்பதை இங்கே பதிவு செய்ய வேண்டும்.

விதி மீறிக் கட்டிய வீடுகளை வரன்முறைப்படுத்த விண்ணப்பிக்கலாம் என்று அறிவிப்பு வந்தது. எங்கள் வீட்டில் அனுமதிக்கு மேல் ஒரு மாடி இருந்தது. அப்பாவுக்குத் தூக்கம் போனது. "அடி ரூமக் கெடங்குன்னு போட்டுரும்மா. எல்லாரும் அப்படித்தான் போடுறாங்க" என்றார். கிடங்கு என்றால் மாடிக் கணக்கில் வராது. நான் வரைந்தேன். கையெழுத்துப் போடுவதற்கு முன் பொறியாளர் எல்லா வரைபடங்களையும் ஒருமுறை அக்காவிடம் கொடுத்துச் சரிபார்க்கச் சொல்வார். இதையும் கொடுத்தார். அது அக்காவின் கைக்கே போகும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. தோன்றியிருந்தாலும் வரைந்திருப்பேன்.

அவர் தாளை விரித்தார். தன்னுடைய அறைக்கு வந்ததும் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

"கெடங்கா?"

"ஆமாக்கா."

"அப்ப நான் உருளைக்கெழங்கா?"

"வீடுன்னு போட்டா சீல் வச்சிருவாங்கக்கா. ஒங்களுக்குத்தான் எடம் போயிரும். ஒங்களுக்காகத்தான் இப்படி" என்றேன்.

"எனக்காகப் பொய் சொல்லாத புள்ள. ஒங்கப்பாவுக்காகன்னு சொல்லு. அதுலயாவது உண்மை இருக்கும்."

பிறகு பென்சிலை எடுத்து ஒரு இடத்தைத் தட்டினார். கிடங்குக்கு எதற்கு என்று நான் அந்த அறையின் ஜன்னலை வரையாமல் விட்டிருந்தேன். கீழ்ச்சந்தைப் பார்த்த ஒரே ஜன்னல். மேகம் இல்லாத காலையில் அதன் வழியாகக் கீழே சமவெளி தெரியும். அவர் அதன் கட்டையில் மிளகாய்ச் செடி வைத்திருந்தார்.

"ஜன்னலையாவது போடு. உருளைக்கெழங்குக்கும் காத்து வேணும்."

நான் போடவில்லை. கிடங்கில் ஜன்னல் இருந்தால் யாராவது கேள்வி கேட்பார்கள் என்று பயந்தேன். அவர் தாளைச் சுருட்டித் திருப்பிக் கொடுத்தார். பொறியாளரிடம் ஒன்றும் சொல்லவில்லை. அதன் பிறகு பல நாள், தொலைபேசியில் கூப்பிட்டால், "கெழங்கு பேசுறேன்" என்பார். நான் சிரிக்க வேண்டும் என்றுதான் அப்படிச் சொன்னார். இப்போது அப்படி நினைக்கிறேன்.

கீழ்ச்சந்தின் வளைவில் தடுப்புச்சுவர் சரிந்து பாதிப் பாதையைக் கொண்டுபோன வருடம் அவருக்கு மூச்சிரைப்பு கூடியது. அதுவரை காய்கறி ஜீப் சந்துக்குள் வந்துகொண்டிருந்தது. அதுவும் நின்றது. மினி பஸ்ஸுக்கு மேல்ரோட்டுக்கு ஏற வேண்டும். தொண்ணூற்று நான்கு படிகள். நடுவில் இரண்டு இடத்தில் உட்காருவார். "வெள்ளகவி கிராமத்துக்கு ரோடே இல்ல, நடந்துதான் போகணும்னு பேப்பர்ல எல்லாம் போடுறாங்க. டவுனுக்குள்ளயே ஒரு வெள்ளகவி கெடக்கு, அத ஒருத்தனும் போடல."

நகராட்சிக்கு மனு எழுதினார். சுவரைக் கட்ட வேண்டும். பாதையைச் சரிசெய்ய வேண்டும். மினி பஸ் சந்து வழியாக ஒரு நடையாவது வர வேண்டும். கையெழுத்து வாங்க நானும் கூடப் போனேன். நான் கதவுகளை எண்ணிக்கொண்டு போனேன். "கதவ எண்ணாத. அடுப்ப எண்ணு" என்றார். ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் நுழைந்து, "எத்தன அடுப்பு எரியுது?" என்று கேட்டு எழுதிக்கொண்டார். பக்கத்து வீட்டின் அடியில் இருக்கிற முருகேசன் அண்ணன், பூண்டு மண்டியில் மூட்டை தூக்குகிறவர், "வெரசா பஸ்ஸ விடச் சொல்லுங்கக்கா. ஒங்களுக்கு மொத டிக்கெட்டு நான் எடுக்குறேன்" என்றார். "நீ எடுக்குறதுக்குள்ள எனக்கு மேல இருந்தே டிக்கெட் வந்துரும்லே" என்றார் அக்கா. எல்லோரும் சிரித்தார்கள்.

பதில் வந்தது. அக்கா அதை அலுவலகத்தில் எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தார். சமர்ப்பிக்கப்பட்ட வரைபடங்களின்படி மேற்படி சந்தினை ஒட்டிக் கிடங்குகள் மட்டுமே உள்ளன. குடியிருப்புகள் இல்லை. ஆகவே கோரிக்கை எழவில்லை.

வாசித்து முடித்து மடித்தார். என் பக்கம் திரும்பவில்லை. திரும்பாமல் இருப்பதற்கு அவர் சிரமப்பட்டார் என்று எனக்குத் தெரிந்தது. அந்த வரைபடங்களில் எத்தனை பேர் வரைந்தவை இருந்தனவோ. ஒன்று நான் வரைந்தது. ஒன்று போதும்.

மன்னிப்புக் கேட்டேனா என்றால், இல்லை. திருத்தி எழுதிக் கொடுக்கலாம் என்று நினைத்தேன். அப்பாவின் விண்ணப்பம் முடியட்டும் என்று நினைத்தேன். மழைக்காலம் போகட்டும் என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டிருப்பது ஒரு வேலை செய்வது மாதிரியே இருந்தது.

அன்று காலை நடந்ததை முருகேசன் அண்ணன்தான் சொன்னார். "வெள்ளனே சொவத்தத் தட்டுனாங்க. போய்ப் பாத்தா மூச்சு வாங்க முடியல. வண்டி மேல ரோட்டுல வந்து நிக்கிது. கீழ வர முடியாதுன்னுட்டாங்க. பிளாஸ்டிக் சேர்ல ஒக்கார வச்சு நாலு பேரு தூக்குனோம். ரெண்டு எடத்துல எறக்கி வச்சோம். எப்பவும் அக்கா ஒக்காருமே, அதே எடம்."

பிறகு, "ரெண்டாவது எடத்துல என்னமோ சொல்லுச்சு. குனிஞ்சு கேட்டேன். 'பையப் பையத் தூக்குங்கப்பா, நமக்காக பஸ்ஸு நிக்கப் போறதில்ல'ன்னுச்சு. அந்த நேரத்துலயும் பாருங்க" என்றார். அவர் அழவில்லை. படியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவருக்கு நெருங்கிய உறவென்று தம்பி ஒருவர். வந்து காரியங்களை முடித்துவிட்டு, இரண்டு பெட்டிகளை எடுத்துக்கொண்டு போனார். மிளகாய்ச் செடியை எங்களிடம் விட்டார். குடைக்கம்பி கதவுக்குப் பின்னால் இருந்தது. அது வெறும் கம்பி என்று நினைத்திருப்பார்.

பதினாறாம் நாள் முடிந்ததும் அப்பா, "ஓட்டல்ல வேலை பாக்குற பசங்க ரெண்டு பேரு ரூம் கேக்குறாங்க" என்றார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். நான் படிகளில் இறங்கிக் கீழ்ச்சந்துக்குப் போனேன். எதிரில் நின்று அண்ணாந்து பார்த்தேன். இத்தனை வருடம் அந்த வீட்டில் வாழ்ந்து, அந்த வீட்டை வரைந்தும் இருக்கிறேன். ஆனால் அங்கே நின்று அதைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. ஒன்று, இரண்டு, மூன்று. ஒன்றில் ஜன்னல் இருந்தது.

அவரிடமிருந்து எனக்குக் கிடைத்தது என்ன என்று கேட்டால் பெரிதாக ஒன்றும் சொல்ல வராது. ஒரு குடைக்கம்பி. கீழிருந்து எண்ணும் பழக்கம், அதுவும் தாமதமாக. எனக்காகப் பொய் சொல்லாதே என்ற குரல். நான் யாருக்காவது நன்மை செய்வதாகச் சொல்லத் தொடங்கும்போதெல்லாம் அது கேட்கிறது.

புதிய வரைபடத்தை அப்பாவிடம் காட்டினேன். "சீல் வச்சா?" என்று கேட்டார். "வைக்கலாம்ப்பா" என்றேன். அவர் எழுந்து வெளியே போனார். இன்னும் என்னுடன் சரியாகப் பேசுவதில்லை. முருகேசன் அண்ணன் கேட்டது அதைவிடக் கடினம். "ஒங்க வீட்ட வீடுன்னு எழுதுறீங்க, சரி. எங்களுக்கும் ஆள் அனுப்பி, எறங்குங்கன்னு சொன்னா எங்கம்மா போறது?" அக்கா இருந்திருந்தால் ஏதாவது சொல்லியிருப்பார், அவரையும் சிரிக்க வைத்திருப்பார். நான் தெரியவில்லை என்றே சொன்னேன். எங்கள் வீட்டைப் பற்றி மட்டும் எழுதினேன்.

அடி அறையில் 'கிடங்கு' என்பதை அடித்து 'வசிப்பறை' என்று எழுதினேன். ஜன்னலை வரைந்தேன். திங்கட்கிழமை காலை கீழ்ச்சந்துக்கு இறங்கி, அங்கிருந்து தொண்ணூற்று நான்கு படிகள் ஏறி, மினி பஸ் பிடித்து, நகராட்சி அலுவலகத்தில் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொண்டேன். முந்தின நாள் மழை பெய்திருந்தது. வீட்டுக்கு வந்து குடைக்கம்பியை எடுத்துக்கொண்டு கீழே போனேன்.