ஓவர்லாக் அக்காவின் பியானோ

தையல் ஃபேக்டரியில் இருபத்தெட்டு வருஷம் ஓவர்லாக் மிஷினில் உட்கார்ந்தவளுக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? துணியின் ஓரம் பிரியாமல் சுற்றித் தைக்கிற மிஷின் அது. சட்டை போடுகிறவர்கள் யாரும் அந்த ஓரத்தைத் திருப்பிப் பார்ப்பதில்லை. வேலையை விட்டு ஒரு வருஷம் ஆன பிறகும் குடியிருப்பு முழுக்க அவள் ஓவர்லாக் அக்காதான். அக்காவுக்கு அதில் வருத்தம் கிடையாது. வேலை தெரிந்தவள் என்றுதானே அர்த்தம்.

அந்த அக்கா ஐம்பத்து மூன்று வயதில் ஒரு டிஜிட்டல் பியானோ வாங்கினாள். வீட்டைக் காலி செய்துகொண்டு போன ஒரு குடும்பம் விற்றது. ஸ்டாண்டு, ஸ்டூல், காலால் அமுக்குகிற பெடல் எல்லாம் சேர்த்து மாடி ஏறி வந்தது. "உனக்கு எதுக்கு இது?" என்று கணவர் கேட்டார். அக்கா ஸ்டூலைத் துடைத்தாள். பதில் இல்லாமல் இல்லை. கையும் காலும் சேர்ந்து வேலை செய்ய வேண்டும், ஆனால் முடிவில் மடித்துக் கட்ட ஒரு துணிகூட மிஞ்சக் கூடாது. அப்படி ஒரு காரியம் வேண்டும் என்று அவளுக்கு வருஷக்கணக்காக ஆசை. சொன்னால் அவர் சிரிப்பார். சிரிக்கிற மனுஷனிடம் ஆசையைச் சொல்லி என்ன ஆகப்போகிறது?

போனில் வீடியோவைப் பார்த்து, நிறுத்தி, மறுபடி பார்த்துக் கற்றுக்கொண்டாள். ஆறு மாதத்தில் ஒரு மெதுவான மெட்டு இரண்டு கைக்கும் பிடிபட்டுவிட்டது. அந்த நேரம் பார்த்துக் கணவர் புது சோபா வாங்கினார். சோபாவுக்கு இடம் வேண்டுமே! ஜன்னலோரத்தில் இருந்த பியானோ சுவிட்ச் போர்டு இருக்கிற மூலைக்குத் தள்ளப்பட்டது. தள்ளிய நாளிலிருந்து சனி பிடித்தது.

கட்டையிலிருந்து விரலை எடுத்தாலும் சத்தம் நிற்கவில்லை. ஒன்றின் மேல் ஒன்றாக ஏறிக் கலந்து, ஒரே சந்தைக்கடை இரைச்சல். அக்கா பதறிப்போய் மெக்கானிக்கைக் கூப்பிட்டாள். அவர் வந்தார், நின்றபடியே சுவிட்சைப் போட்டார், நாலு கட்டையைத் தட்டினார். கணீரென்று பேசியது. அக்காவையும் உட்காரச் சொன்னார். அவள் வாசித்தபோதும் எந்தக் குறையும் இல்லை. பெடலைக் கழற்றி மாட்டிப் பார்த்தார், அதுவும் நல்லபிள்ளையாக நடந்துகொண்டது.

"மெஷின்ல ஒண்ணும் இல்லம்மா. கை பழகணும், அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் அக்கா தனியாக உட்கார்ந்து போட்டாள். அதே இரைச்சல். கணவர் எழுந்து வந்தார், அவளை எழுப்பிவிட்டு, அணைத்துவிட்டு மறுபடி போட்டார், குத்துமதிப்பாகத் தட்டினார். சுத்தமாகக் கேட்டது.

"நான் தொட்டா நல்லாத்தான் இருக்கு. நீ தொட்டாதான் ஓலமிடுது. அதுக்கே உன்னப் பிடிக்கல போல" என்றார். சொல்லிவிட்டுத் தன் ஹாஸ்யத்துக்குத் தானே சிரித்தார்.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. புதன்கிழமை சாப்பிட்டுக் கை கழுவும்போது சொன்னார்: "தம்பி பொண்ணு மியூசிக் கிளாஸ் போறா. ஞாயித்துக்கிழமை வண்டி கொண்டாந்து பியானோவ எடுத்துட்டுப் போகச் சொல்லிட்டேன்."

"யாரக் கேட்டுச் சொன்னீங்க?"

"பழுதான சாமானுக்கு யாரக் கேக்கணும்?"

அக்காவுக்கு உச்சந்தலை வரைக்கும் எரிந்தது. இந்தப் பேச்சு அவளுக்குப் புதிதில்லை. ஃபேக்டரியில் தையல் விட்டுப்போனால் முதலில் ஆளைத்தான் திட்டுவார்கள். மிஷினைத் திறந்து பார்க்க மூன்று நாள் ஆகும். திட்டுகிற சூப்பர்வைசர் முன்னால் அக்கா ஒருநாளும் அழுததில்லை. நூலை மாற்றுவாள், தைத்துப் பார்ப்பாள். ஊசியை மாற்றுவாள், தைத்துப் பார்ப்பாள். ஒரு தடவைக்கு ஒன்றுதான். பிறகு குற்றவாளியைக் கையும் களவுமாகப் பிடித்து அவர் மேஜைமேல் வைப்பாள்.

பியானோவையும் அப்படித்தான் பிடித்தாள். வியாழக்கிழமை ஒயரை மாற்றினாள். இரைச்சல் போகவில்லை. வெள்ளிக்கிழமை வேறு பிளக்கில் சொருகினாள். போகவில்லை. சனிக்கிழமை பெடலைப் பிடுங்கிவிட்டுப் போட்டாள். இரைச்சல் போயே போய்விட்டது! மாட்டிவிட்டுப் போட்டாள், திரும்ப வந்தது. பெடல்தான் என்று தெரிந்தது. ஆனால் மெக்கானிக் கையில் அதே பெடல் ஒழுங்காக இருந்ததே! பெடலும் நல்லது, பியானோவும் நல்லது என்றால் கோளாறு எங்கே? அதுவரை மாற்றிப் பார்க்காதது ஒன்றே ஒன்றுதான் பாக்கி. அது அவளுடைய புத்தியில் தட்டுப்படவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணி. பத்துக்கு வண்டி வரும். அக்கா ஸ்டூலில் உட்கார்ந்து சுவிட்சுக்குக் கையை நீட்டினாள். நீட்டிய கை அப்படியே நின்றது. கீழே பார்த்தாள். யாரும் சொல்லாமலே அவளுடைய வலது கால் பெடலின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தது.

இருபத்தெட்டு வருஷப் பழக்கம். உட்கார், காலை வை, சுவிட்சைப் போடு. ஜன்னலோரத்தில் இருந்தவரை சுவிட்ச் எட்டாத தூரத்தில் இருந்தது. நின்று போட்டுவிட்டு வந்து உட்கார்வாள். மூலைக்கு வந்த பிறகு எல்லாம் கைக்கெட்டிய இடத்தில். பியானோவோ, உயிர் வருகிற நொடியில் பெடல் எப்படி இருக்கிறதோ அதுதான் கால் வைக்காத நிலை என்று எடுத்துக்கொள்கிற ஜாதி. பெடலை அமுக்கினால் சத்தம் நீள வேண்டும், விட்டால் நிற்க வேண்டும். அமுங்கியிருக்கும்போது கண் விழித்தால் அதற்கு எல்லாமே தலைகீழ். காலை எடுத்தால் அமுக்கியதாக நினைத்துக்கொண்டு சத்தத்தை நீட்டிக்கொண்டே போகும்.

காலைத் தூக்கிக்கொண்டு போட்டாள். சுத்தம். காலை வைத்துப் போட்டாள். சந்தைக்கடை. மறுபடி தூக்கினாள், சுத்தம். நாலு தடவை பார்த்து உறுதி செய்துகொண்ட பிறகு, "அடி மடச்சி!" என்று தன்னைத் தானே திட்டிவிட்டு, வயிறு வலிக்கச் சிரித்தாள்.

பத்து மணிக்குக் கொழுந்தன் இரண்டு ஆட்களோடு வந்தார். அக்கா எல்லோரையும் நிற்க வைத்துக் காலை வைத்தும் எடுத்தும் காட்டினாள்.

கணவர் முகத்தில் வெளிச்சம் வந்தது. "அப்ப தப்பு உன்மேலதான்னு ஒத்துக்கிறியா?"

"ஒத்துக்கிறேன்."

"நல்லதாப் போச்சு அண்ணி" என்றார் கொழுந்தன், உண்மையான சந்தோஷத்தோடு. "ரிப்பேர் பாக்கணுமேன்னு யோசிச்சிட்டிருந்தேன். பாப்பா இன்னிக்கே வாசிக்கலாம். ஏத்துங்கப்பா!"

ஆட்கள் இரண்டு பக்கமும் குனிந்தார்கள். அக்காவுக்கு அப்போதுதான் விஷயம் முழுதாக உறைத்தது. பழுது என்றாலும் உனக்கு எதற்கு, பழுது இல்லை என்றாலும் உனக்கு எதற்கு. இந்த வீட்டில் யாருக்கும் பெடலைப் பற்றிக் கவலையே இருந்ததில்லை.

அவள் ஸ்டூலை விட்டு எழவில்லை.

"கைய எடுங்கப்பா" என்றாள் ஆட்களிடம். அவர்கள் எடுத்துவிட்டார்கள்.

"என்ன இது, சின்னப்பிள்ளை மாதிரி?" கணவர் குரல் உயர்ந்தது. "இப்பதான தப்பு உன்னோடதுன்னு சொன்ன?"

"ஆமாங்க. என் கால், என் தப்பு, என் பியானோ. மூணுமே என்னுது. ஒண்ணக்கூடத் தர மாட்டேன்."

"தம்பிக்கு வாக்குக் குடுத்துட்டேனே! என் மானம் என்னாகிறது?"

"குடுத்தது உங்க வாக்கு. அத வேணும்னா வண்டில ஏத்தி அனுப்புங்க."

ஆட்களில் ஒருவர் சிரிப்பை அடக்க முடியாமல் வாசல் பக்கம் திரும்பிக்கொண்டார். கொழுந்தன் அண்ணனைப் பார்த்தார், அண்ணன் தரையைப் பார்த்தார். "பாப்பா ஏமாந்துடுவாளே அண்ணி..." என்று இழுத்தார்.

"நாளைக்கு இங்க வரச் சொல்லுங்க. பக்கத்துல உக்காந்து வாசிக்கட்டும். நான் வேண்டாம்னா சொல்றேன்? ஆனா இது இந்த வீட்ட விட்டு நகராது. நான் உசிரோட இருக்கிற வரைக்கும் நகராது."

சொல்லிவிட்டுக் கையைக் கட்டைமேல் வைத்தாள். நாலு பேரும் நின்றுகொண்டே இருந்தார்கள். அந்த மெதுவான மெட்டை ஆரம்பித்தாள். மூன்றாவது வரியில் விரல் தடுக்கியது. கணவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அக்கா திரும்பிப் பார்க்காமல், அவர்கள் எல்லோரும் கேட்க, முதலிலிருந்து மறுபடி வாசித்தாள்.