எங்கள் வீட்டில் ஸ்பூன் மருந்துக்கு

மகளுக்கு ஆட்டிசம் என்று சொன்னபோது அவளுக்கு நாலு வயது. நான் நர்ஸ். இதே செய்தியைக் கேட்டு உட்கார்ந்துபோன எத்தனையோ தாய்மாருக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். என் முறை வந்தபோது யாரோ எனக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார்கள்.

துபாயில் அல் குசைஸ் பக்கம் நாங்கள் போன தெரபி சென்டரில் இரண்டு சட்டம் போட்டார்கள். வீட்டில் இங்கிலீஷ் மட்டும்தான் பேச வேண்டும். பிள்ளை தானாக ஸ்பூனால் சாப்பிட வேண்டும். படித்தவர்கள் எதைச் சொன்னாலும் தலையாட்டுவது என் வியாதி. அன்றைக்கே இரண்டையும் வீட்டில் அமல்படுத்திவிட்டேன்.

அடி விழுந்தது அவள் அப்பாவுக்கு. ஏ.சி. மெக்கானிக். டியூட்டி முடிந்து அஜ்மானில் இருக்கும் எங்கள் ஃபிளாட்டுக்கு வந்ததும் சோற்றை உருட்டி அவளுக்கு ஊட்டுவார். "காக்காவுக்கு ஒரு வாய், பூனைக்கு ஒரு வாய்" என்று சொல்லிக்கொண்டே போய், "அப்பாவுக்கு ஒரு வாய்" என்றதும் உருண்டையைத் தன் வாய்வரை கொண்டுபோய், ஏமாற்றி அவள் வாயில் வைப்பார். அவள் பேசமாட்டாள், யார் முகத்தையும் பார்க்கவும் மாட்டாள். ஆனால் அந்த இடம் வந்ததும் அவரைப் பார்த்துச் சிரிப்பாள்.

"எனக்கு இங்கிலீஷ்ல ஊட்டத் தெரியாதுட்டி," என்றார். அதன்பின் சாப்பாட்டு நேரத்தில் போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்விடுவார். நான் ஸ்பூனோடு மல்லுக்கட்டுவேன். அவள் வாயை இறுக மூடிக்கொள்வாள். இரண்டு மாதத்தில் கன்னம் ஒட்டிப்போனது.

சென்டரில் பட அட்டைகள் வைத்திருந்தார்கள். பேசாத பிள்ளை வேண்டியதைத் தொட்டுக் காட்ட வேண்டும். சாப்பாட்டு அட்டையில் ஒரு தட்டும் ஸ்பூனும் இருந்தன. அதைக் கண்டாலே தூக்கி எறிவாள். பசியைச் சொல்லத் தெரியவில்லை என்று ரிப்போர்ட்டில் எழுதிவிட்டார்கள்.

வெளியே காத்திருக்கும்போது ஒரு கொலம்பியாக்காரி பழக்கமானாள். அவள் மகனும் அங்கேதான் வந்தான். ஸ்பானிஷ் பேசும் தாய்மார் சிலர் சேர்ந்து, தங்கள் மொழி தெரிந்த தெரபிஸ்ட் ஒருத்தியைப் பிடித்து, அட்டைகளையெல்லாம் சொந்த வீட்டுப் போட்டோக்களாக மாற்றியிருந்தார்கள். அவள் மகனின் சாப்பாட்டு அட்டையில் அவர்கள் வீட்டுத் தட்டு, அதில் சோள ரொட்டி. மகனைக் கொஞ்சுவதும் திட்டுவதும் ஸ்பானிஷில்தான். அந்தத் தெரபிஸ்டே அப்படித்தான் பேசச் சொன்னாளாம்.

என் மகள் அட்டையை எறிகிற கதையைச் சொன்னேன். கொலம்பியாக்காரி கேட்டாள், "உங்கள் வீட்டில் ஸ்பூனை எதற்கு எடுப்பீர்கள்?"

மருந்துக்கு. காய்ச்சல் வந்தால் ஒருவர் கையைக் காலைப் பிடிக்க, இன்னொருவர் வாயைத் திறந்து ஊற்றுகிற சிரப்புக்கு. சாப்பிட நாங்கள் யாரும் அதைத் தொடுவதே இல்லை. பெற்ற பிள்ளைக்கு மருந்தைக் காட்டிக் காட்டி, பசிக்கிறதா என்று கேட்டிருக்கிறேன். என்மேல் எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல.

அன்று சாயங்காலம் எங்கள் சில்வர் தட்டில் பருப்புச் சோறு வைத்து, அதைப் பிசைகிற அவர் கையோடு போட்டோ எடுத்தேன்.

"கேட்டீங்களா, இனி தமிழ்லயே ஊட்டுங்க."

"சென்டர்ல அவிய திட்டுனா?"

"என்னைத் திட்டட்டும்."

போட்டோவை அட்டையாக்கி மகள் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்தேன். ஒரு வாரம் அவள் தொடவில்லை. காக்காவும் பூனையும் திரும்பி வந்தன, சிரிப்பு மட்டும் வரவில்லை. பிறகு ஒருநாள் அவர் யூனிஃபார்மைக்கூடக் கழற்றியிருக்கவில்லை, அட்டையைக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தாள்.

அவர் ஓடிப்போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்தார். காக்கா போயிற்று, பூனை போயிற்று. "அப்பாவுக்கு ஒரு வாய்" என்றபோது, அவர் உருண்டையைத் தூக்குமுன் அவளே ஒரு பிடி சோற்றை அள்ளி அவர் வாயில் திணித்தாள். பாதி சட்டையில் கொட்டியது.

அவர் வெகுநேரம் மென்றார்.

"காரமா இருக்குட்டி," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். பருப்பும் நெய்யும் தவிர அதில் நான் எதையும் போட்டிருக்கவில்லை.