பாரிஸ் மேம் எடுத்த அளவு

இது யாரோ சொல்லிக் கேட்டதல்ல. நான் நின்று பார்த்தது. பட்டப்பகலில், பினாங்கு சூலியா தெருவில்.

வருஷம் 1934. என் மனைவி சபூரா காய்ச்சலில் இறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. மதராஸில் பி.ஏ. முடித்த நான், ஷேக் அலாவுதீன் அண்ணனின் அத்தர் கடைக்கு விளம்பரம் எழுதிக்கொண்டிருந்தேன். நாலு வயது மகள் ருக்கையாவையும் கடைக்கே கூட்டிப்போவேன். எதுவும் மனதில் தைக்காமல் நாட்கள் போயின.

அந்த மாதம் கப்பலில் பாரிஸ் செண்ட் வந்தது. கூடவே ஆள் உயரத்துக்கு ஒரு விளம்பர அட்டை. செண்ட் புட்டி ஒரு மூலையில் சின்னதாக இருந்தது. மற்றபடி முழுவதும் ஒரு பெண். கறுப்பு உடை, குட்டையாக வெட்டிய முடி, கழுத்தில் அளவு நாடா. கையிலிருந்து தரை வரை தொங்கும் வெள்ளைத் துணி. அந்த செண்டுக்குத் தன் பெயரைக் கொடுத்த உடை வடிவமைப்பாளர் அவள்தான்.

"என்னாலா தம்பி இது? நாம விக்கிறது வாசனை. இவ தையக்காரி" என்றார் அண்ணன்.

"இவங்க தைக்கிற உடுப்ப வாங்க முடியாதவங்க செண்டையாவது வாங்குவாங்கண்ணே. அதுக்குத்தான் படம்."

"சரி, வாசல்ல நிறுத்து. கொஞ்சம் சிரிக்கச் சொல்லு."

அவள் சிரிக்கவில்லை. விளம்பரப் பெண்கள் வாங்க வருபவரின் கண்ணைப் பார்ப்பார்கள். இவள் பார்வை தாழ்ந்திருந்தது... ஒரு குழந்தையின் உயரத்துக்கு.

செவ்வாய்க்கிழமை ருக்கையா ஓடி வந்தாள்.

"அத்தா, மேம் என்னய அளந்தாங்க. கை சில்லுன்னு இருந்துச்சு."

"தையக்கூலி எவ்வளவு கேட்டா?" என்று அண்ணன் சிரித்தார்.

நானும் சிரித்து வைத்தேன். பிறகு படத்தைப் பார்த்தேன். துணி மேமின் முழங்கால் வரைதான் தொங்கியது.

முன்பே அப்படித்தான் இருந்ததோ...

வெள்ளிக்கிழமை. அண்ணன் கதவுப் பலகைகளைப் போட்டுவிட்டு ஜும்ஆவுக்குப் போனார். சபூரா போனதிலிருந்து நான் பள்ளிவாசலுக்குப் போவதில்லை. அட்டையை உள்ளே எடுத்து வைத்திருந்தோம். ருக்கையா பாயில் தூங்கினாள். கடைக்குள் இருட்டு. பலகை இடுக்கில் மட்டும் ஒரு கீற்று வெயில். தெருவில் ஒரு ரிக்‌ஷா மணிகூட இல்லை.

ஒன்றேகால் மணி.

சர்ர்ர்...

துணி கிழியும் சத்தம்.

அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். எங்கள் பெண்கள் இறந்தவரைச் சுற்றும் கஃபன் துணியைக் கத்தரிக்கோலால் வெட்டமாட்டார்கள். கையால் கிழிப்பார்கள். சபூராவுக்குக் கிழித்தபோது நான் அடுத்த அறையில் உட்கார்ந்திருந்தேன்.

சர்ர்ர்...

பாயைப் பார்த்தேன். காலி.

ருக்கையா அட்டைக்கு முன்னால் நின்றாள். கண்கள் மூடியிருந்தன. இரண்டு கைகளும் பக்கவாட்டில் நீட்டியபடி... தையல்காரர் முன் நிற்பதுபோல.

கஃபனில் தூவும் கற்பூரத்தின் வாசனை. அத்தனை அத்தருக்கும் செண்டுக்கும் நடுவில், கற்பூரம் மட்டும்.

ஓடிப்போய் அவள் கைகளை இறக்கினேன். இறங்கவில்லை. யாரோ பிடித்திருந்தார்கள்.

படத்தில் கழுத்து வெறுமையாக இருந்தது. நாடா இல்லை.

ருக்கையாவின் கவுன் முதுகில் நேர்கோடாக அழுந்தியது. பிடரியிலிருந்து... மெதுவாக... கீழே.

அது குதிகாலைத் தொட்டால் அளவு முடிந்துவிடும். எனக்குப் புரிந்தது அது ஒன்றுதான்.

அவளுக்கும் அட்டைக்கும் நடுவில் புகுந்தேன். கைகளை நீட்டினேன்.

"என்னய அளந்துக்க. பிள்ளைய விடு."

சத்தமே இல்லை.

பிறகு என் பிடரியில்... சில்லென்று.

முதுகில் இறங்கியது.

குதிகால் வரை.

ருக்கையா வீறிட்டு அழுதாள்.

அண்ணன் பலகையைத் திறந்தபோது நாங்கள் கதவோரம் சுருண்டு கிடந்தோம். படத்தில் நாடா கழுத்தில் இருந்தது. துணி தரையைத் தொட்டது. அண்ணன் குனிந்து, கற்பூரம் மணத்த என் சட்டையை மோந்து பார்த்தார். அட்டையைப் பின்கட்டுக்கு இழுத்துப்போய் அவரே மண்ணெண்ணெய் ஊற்றினார்.

அன்று மாலையே டத்தோ கிராமாட்டில் இருக்கும் நூர் பீவி வீட்டுக்குப் போனேன். சபூராவின் அக்கா. தங்கை இறந்தபோது மய்யித்தைக் குளிப்பாட்டியவர். நடந்ததைச் சொல்லச் சொல்ல அவர் முகம் வெளுத்தது.

"தம்பி, உங்கள்ட்ட ஒண்ண மறைச்சிட்டோம். சபூரா போன அன்னிக்கு ராத்திரி பிள்ளைக்கும் அதே காய்ச்சல்தானே? விடியிற வரைக்கும் தாங்காதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. சபூராவுக்குக் கிழிக்கும்போதே... பிள்ளைக்கும் அளந்து கிழிச்சிட்டோம்."

"அந்தத் துணி எங்க லாத்தா?"

"விடிஞ்சதும் பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டுடுச்சு. அதை வீட்டுல வச்சிருக்க மனசு வரல. சபூரா கஃபனுக்குள்ளயே வச்சு அனுப்பிட்டோம்."

நான் மடியில் தூங்கிக்கொண்டிருந்த ருக்கையாவைப் பார்த்தேன்.

அந்த அளவெடுத்த ஒரு வருஷத்தில் அவள் நாலு விரல் வளர்ந்திருந்தாள்.