ஆறு கோடு

1946 மே 12, ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழே கால் மணி. எங்கள் வீட்டுக் கடிகாரம் நான்கு நிமிடம் பிந்தும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ராசிபுரத்தில் மூன்று நாளாகப் புழுக்கம். மேகம் உண்டு, மழை இல்லை.

மலாயாவிலிருந்து அத்தையும் மகளும் வந்து எட்டு நாள் ஆகியிருந்தது. மாமாவை ஜப்பானியர் சயாம் ரயில்பாதை வேலைக்குப் பிடித்துப் போய் மூன்று வருடம். பிறகு சேதி இல்லை. அத்தை மகளுக்குப் பதினொரு வயது, எனக்கு ஒன்பது. அவள் அங்கே ஜப்பானியப் பள்ளியில் படித்தவள். நான் எங்கள் தறியின் பாவு இழைகளையும் கூரை ஓடுகளையும் எண்ணிக்கொண்டு திரிந்தவன்.

அன்று அவள் என்னைக் கூப்பிட்டு, குச்சியால் மண்ணில் ஓர் எழுத்து எழுதினாள்.

"இந்தப் பக்கம் ஆளு, ஹிதோ. இந்தப் பக்கம் மரம், கி. சேலத்து ரோட்டுல மூட்டையை எறக்கிட்டுப் புளியமரத்துல ஒருத்தன் சாஞ்சு நிக்கிறான்னு நெனச்சுக்கோ. ரெண்டும் சேந்தா யாசுமு. ஓய்வு. பள்ளிக்கூடம் லீவுன்னா யாசுமி."

ஓர் ஆளையும் ஒரு மரத்தையும் பக்கத்தில் வைத்தே களைப்பாறுவதைச் சொல்லிவிட்ட அந்த மூளையை இன்றும் வியக்கிறேன். அன்று எனக்குப் பட்டது வேறு.

"ஆளுக்கு ரெண்டு கோடு, மரத்துக்கு நாலு. மொத்தம் ஆறு."

"அட கணக்குப்புள்ள! அதை மறந்துராதடா" என்றாள்.

பத்து மணிக்குப் பெரியப்பா அத்தையைக் கூடத்துக்கு அழைத்தார். மாமாவோடு வேலைசெய்த ஒருவர் மலாயாவில் கொண்டுவந்து தந்த பெயர்ச்சீட்டை, யாரிடமும் காட்டப் பயந்து, அத்தை முந்தானையில் முடிந்து வைத்திருந்தது முந்தின இரவுதான் அவருக்குத் தெரியவந்திருந்தது. அத்தை அவிழ்த்துக் கொடுத்தாள். மாமாவின் பெயருக்குக் கீழே சிவப்பு மையில் ஒற்றை ஜப்பானிய எழுத்து.

"படிச்சுச் சொல்லு சாமி. ஆள் இல்லைன்னா தாலி கழட்டுற சடங்கை இன்னிக்கே முடிச்சரலாம்" என்று மகளிடம் நீட்டினார் பெரியப்பா.

அத்தை தாலியைப் பற்றியபடி நின்றாள்.

"யாசுமுங்க மாமா. ஓய்வுல வெச்சிருக்காங்க" என்றாள் மகள்.

பெரியப்பா நம்பவில்லை. நான் எட்டிப் பார்த்தேன். ஆளும் மரமும் தெளிவாகத் தெரியவில்லை. எழுதியவனுக்கு அவசரம் போல என்று நினைத்து, எண்ணினேன்.

"ஆறு கோடு, சரிதானுங்க பெரியப்பா. காத்தால நானும் படிச்சனுங்க."

எண்ணிக்கையில் நான் தவறமாட்டேன் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். சடங்கு நின்றது.

அத்தை பொட்டும் பூவுமாக இன்னும் பதினேழு வருடம் இருந்து, அப்படியே போய்ச் சேர்ந்தாள். காரியம் முடிந்த அன்று, மகள் அந்தச் சீட்டை என் கையில் வைத்தாள்.

"இது சாவுடா. இதுக்கும் ஆறு கோடுதான். கப்பல்ல அம்மா தூங்கறப்பவே பாத்துட்டேன்."

எத்தனையோ எழுத்துகள் தெரிந்தவள், எனக்கு அந்த ஒன்றை மட்டும், அந்தக் காலையில் மட்டும் ஏன் கற்றுத்தந்தாள் என்று நான் அதுவரை ஒரு தடவைகூட யோசித்ததில்லை. அதற்குள், மாமா இறங்குகிறாரா என்று நான் எட்டிப் பார்த்த சேலம் பஸ்கள் நாலாயிரத்துப் பதினொன்று.