தொப்ளா என்றால் உட்கார வேண்டும்

டிங்கர் அக்காவிடம் ஒருமுறை கைகுலுக்கியவர்கள் மறுமுறை தூரத்தில் நின்றே தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். அப்படி ஒரு பிடி. விபத்தில் நசுங்கி வரும் கார்க் கதவுகளைத் தட்டி நிமிர்த்துவது அவள் தொழில். உள்ளே இரும்புக் கட்டையை முட்டுக்கொடுத்து வெளியே சுத்தியலால் தட்டத் தட்ட, தகடு சொன்ன பேச்சைக் கேட்கும். மனுஷனும் இப்படிக் கேட்டால் தேவலை என்பாள். அதனால்தான் நீ கல்யாணமே பண்ணிக்கவில்லை என்று பட்டறை முதலாளி வம்புக்கு இழுப்பார். அவள் சுத்தியலைக் கொஞ்சம் ஓங்கிப் போடுவாள். முதலாளிக்கு உடனே வேறு வேலை ஞாபகம் வந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் வேறு ஆள். ஊரின் கோடியில் மூடிக்கிடந்த ஒரு நூல் கிடங்கில் ஒரு கூட்டம் கூடும். வாரமெல்லாம் மாத்திரை விற்கிற மருந்துக்கடைக்காரர் அங்கே ராஜா. பள்ளிக்கூடத்துக் கணக்கு டீச்சர் ரத்தம் குடிக்கும் காட்டேரி. பஸ் கண்டக்டர் கூலிக்குக் கொலை செய்பவன். எங்குமே இல்லாத ஒரு ராஜ்யத்துக்காக, பஞ்சு சுற்றிய பிளாஸ்டிக் குழாய்களை வாளாகப் பிடித்துக்கொண்டு பொழுது சாயும்வரை வெட்டித் தள்ளுவார்கள். நீங்கள் சிரிக்கலாம். இதைவிட அற்பக் காரணத்துக்கு ஆட்கள் நிஜமாகவே வெட்டிக்கொள்வதை நாம் தினமும் பேப்பரில் படித்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

ராஜ்யம் என்றால் பாஷை வேண்டாமா? அதில் பாதியை உண்டாக்கியவள் டிங்கர் அக்கா. வாள் கையில் பட்டால் கை துண்டானதாகக் கணக்கு, அது 'நொறுவு'. அதன்பின் அந்தக் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டுதான் சண்டை போட வேண்டும். கழுத்து போனால் 'கிறுங்கு'. வாராவாரம் முதலில் சாகிறவன் 'சவுக்காளி'. அந்தப் பட்டம் கண்டக்டருக்கே நிரந்தரம். ஆட்டத்தின் நடுவே வீட்டுக் கதை, ஆபீஸ் கதை பேசினால் அது 'வெளிநாக்கு'. பேசியவர் போய்ச் சுவரோரம் நிற்க வேண்டும். புதிதாகச் சேர வருகிறவன் 'புகுந்தான்'. அவன் சொல்லிக்கொண்டு வரக் கூடாது. கதவைத் தள்ளிக்கொண்டு வந்து யாரையாவது அடிக்க வேண்டும். மற்றவர்கள் விலகி, வட்டம் கட்டி, அவன் வீரத்தைப் பார்ப்பார்கள். அதுதான் வழக்கம்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சொல் இருந்தது: தொப்ளா. முன்பொருநாள் கண்டக்டரின் முன்பல் உடைந்து வாயெல்லாம் ரத்தமாக அவர் அலறியபோது ஒருத்தரும் நிறுத்தவில்லை. எப்படி நிறுத்துவார்கள்? அலறுவதும் கெஞ்சுவதும் ஆட்டத்தில் சேர்த்தி. அன்றைக்கே டிங்கர் அக்கா அந்தச் சொல்லைக் கொண்டுவந்தாள். யார் சொன்னாலும் சரி, எதற்கு ஏன் என்று கேட்காமல் வாளைக் கீழே போட்டுவிட்டுத் தொப்பென்று உட்கார வேண்டும், இரண்டு உள்ளங்கையும் தரையில் பட. பழகப் பழக, காதில் விழுந்த உடனே கால் தானாக மடங்கியது.

இந்தச் சமயத்தில்தான் அவள் தங்கை ஒரு பையோடு வந்து வாசலில் நின்றாள். உதடு கிழிந்திருந்தது. புருஷன் லாரி புரோக்கர். வாய் பேசுவதற்கு முன் கை பேசுகிற ஜாதி. டிங்கர் அக்கா ஒரு தகட்டைப் பார்த்தால் எந்தப் பக்கமிருந்து எவ்வளவு வேகத்தில் விழுந்த அடி என்று சொல்லிவிடுவாள். தங்கையின் முதுகைப் பார்த்தாள். குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு வயிறெரிய அழுதாள். 

மறுநாளே அவன் போனில் வந்தான். "ஒன்னு அவ என் வீட்டுக்கு வரணும், இல்ல சுடுகாட்டுக்குப் போகணும். எதுன்னு நீங்களே முடிவு பண்ணிக்குங்க."

தங்கையை வீட்டில் தனியாக விட மனம் வராமல் கிடங்குக்கு அழைத்துப் போனாள். ராஜாவின் ஆட்கள் வாளோடு துரத்தியதும் தங்கை ஒரு தூணோடு ஒட்டிக்கொண்டாள். அக்கா சொல்லிக்கொடுத்திருந்த தொப்ளாவை மெல்லிய குரலில் சொன்னாள். அத்தனை பேரும் அந்த இடத்திலேயே உட்கார்ந்தார்கள். அவள் எல்லோரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஒரு தடவைதான்க்கா சொன்னேன். உடனே நிறுத்திட்டாங்க" என்று வீடு திரும்பும் வழியெல்லாம் அதையே சொல்லிக்கொண்டு வந்தாள். அதற்குப் பிறகு சில வாரங்கள் காரணமே இல்லாமல் அடிக்கடி தொப்ளா சொன்னாள். ராஜா கிரீடத்தோடு சலிக்காமல் உட்கார்ந்து எழுந்தார். ஒருத்தரும் முகம் சுளிக்கவில்லை. அந்த ஒரு காரணத்துக்காகவே அந்தக் கூட்டத்துக்குக் கோயில் கட்டலாம்.

ஒரு ஞாயிறு மதியம் சண்டை உச்சத்தில் இருக்கும்போது கிடங்கின் தகரக் கதவு படாரென்று திறந்தது. லாரி புரோக்கர் உள்ளே வந்தான், கையில் டயர் கழற்றுகிற இரும்புக் கம்பி.

"புகுந்தான் வந்துட்டான்டா, வழி விடுங்க" என்றார் கண்டக்டர் உற்சாகமாக. கூட்டம் விலகி வட்டம் கட்டியது. அந்த வழியிலேயே அவன் நேராகத் தங்கையிடம் போனான்.

"இவரு என் வீட்டுக்காரரு" என்றாள் அவள்.

"வெளிநாக்கு, வெளிநாக்கு" என்று யாரோ சிரித்தார்கள்.

கம்பி இறங்கியது. முழங்கைக்குக் கீழே எலும்பு முறிந்த சத்தம் கிடங்கின் கடைசிவரை கேட்டது. "நொறுவு" என்று கத்திக் கைதட்டினார்கள், பாவிகள். தெரியாமல்தான். மறுமுனையிலிருந்த டிங்கர் அக்காவுக்கு மட்டும் அது பிளாஸ்டிக் சத்தமில்லை என்று தெரிந்தது. அடிவயிற்றிலிருந்து வந்தது அந்தச் சொல்.

"தொப்ளா."

எல்லோரும் வாளைப் போட்டார்கள். எல்லோரும் உட்கார்ந்தார்கள். அவள் காலும் மடங்கிவிட்டது. அவள் செய்த தப்பு அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அத்தனை பேரையும் அவளே உட்கார வைத்துவிட்டாள். நின்றுகொண்டிருந்தது அவன் ஒருவன்தான். தங்கையும் உட்கார்ந்திருந்தாள், முறியாத கையைத் தரையில் ஊன்றி, அவனை அண்ணாந்து பார்த்தபடி. அவனும் உட்காருவான் என்று காத்திருந்தாள். அவன் கம்பியை ஓங்கி அவள் தோளில் போட்டான்.

இத்தனை சொல் உண்டாக்கியவளுக்கு, எழுந்திருங்கள் என்பதற்கு அங்கே ஒரு சொல் இல்லை. "என் தங்கச்சியக் கொல்றான், எந்திரிங்க. இது ஆட்டம் இல்ல" என்று கதறிக்கொண்டே ஓடினாள்.

எழுந்தார்கள். முதலில் கணக்கு டீச்சர் பாய்ந்து அவன் முகத்தில் குழாயால் அறைந்தாள். ராஜா கேடயத்தை அவன் மூக்கில் இடித்தார். அட்டைக் கேடயம்தான், ஆனால் விளிம்பு தகரம். கம்பி கீழே விழுந்தது. அதன்பின் கணக்கே இல்லை. பஞ்சு பிய்ந்து பறக்க, வெறும் குழாய்கள் இறங்கின. எத்தனையோ ஞாயிறுகளில் பழகிய கைகள். அவன் சுருண்டான், அலறினான், கெஞ்சினான். அலறலுக்கும் கெஞ்சலுக்கும் யாரும் அங்கே நிறுத்திப் பழக்கமில்லை. அவன் காதிலிருந்து ரத்தம் வழிந்தது. டிங்கர் அக்கா கீழே கிடந்த கம்பியை எடுத்து அவன் முழங்காலில் ஓங்கிப் போட்டாள். மறுபடியும் போட்டாள். அதன்பின் தலைக்குக் குறிபார்த்துத் தூக்கினாள்.

நிறுத்தும் சொல் அவளுக்குத் தெரியாதா? அவள் உண்டாக்கியதுதானே. அது அவள் நாக்கில்தான் இருந்தது. அவள் சொல்லவில்லை. சொல்ல விருப்பமில்லை.

"தொப்ளா."

தங்கைதான். சுவரில் சாய்ந்து, தொங்கும் கையை மடியில் ஏந்தியபடி சொன்னாள். குழாய்கள் விழுந்தன. ராஜா உட்கார்ந்தார், டீச்சர் உட்கார்ந்தாள், கண்டக்டர் மூச்சிரைக்க உட்கார்ந்தார். ஓங்கிய கம்பியோடு டிங்கர் அக்கா மட்டும் நின்றாள்.

"விடுடி. இவனை இன்னைக்கு விட்டா நாளைக்கு உன்னக் கொன்னுடுவான்."

"இவ்வளவு நாள் நான் கெஞ்சி ஒரு தடவ கூட அவரு நிறுத்தினதில்லக்கா" என்றாள் தங்கை. "நீ நிறுத்துவேதானே?"

அக்கா ஓங்கிய கையை இறக்கினாள். கம்பியைக் கீழே வைத்தாள். அவன் ரத்தம் சிந்திக் கிடந்த அந்தத் தரையிலேயே, இரண்டு உள்ளங்கையும் பட, உட்கார்ந்தாள்.