வாசலில் காப்பாற்றிய துடக்கு

சென்ற மாசி மாதம் நடந்ததை இன்னும் மறக்க முடியவில்லை! நாங்கள் வசிக்கும் அஜின்கோர்ட் பகுதியில் அப்போது வீட்டுக்கு வீடு ஃப்ளூ காய்ச்சல். என் மகளுக்கு ஒன்றரை மாதம். துடக்கு, அதாவது பிள்ளைப்பேற்றுத் தீட்டு, கழிந்து ஆட்கள் பார்க்க வரத் தொடங்கியிருந்தார்கள்.

ஒரு சனிக்கிழமை கதவைத் திறந்தால், குடும்ப நண்பர் சிவம் அண்ணை! கண் சிவந்து, மூக்கு ஒழுக நின்றார்.

"றிச்மண்ட் ஹில் கோயிலுக்குப் போறன் தங்கச்சி. பிள்ளையை ஒருக்கா தூக்கிப் பாத்திட்டுப் போவமெண்டு..." முடிக்குமுன் இருமல்.

"அண்ணை, காய்ச்சல் போலை கிடக்கு?"

"சீச்சீ, உது சும்மா தடிமன்!"

சப்பாத்தைக் கழற்றத் தொடங்கிவிட்டார். மூத்தவரை எப்படி மறிப்பது? வாயில் வந்ததைச் சொன்னேன்.

"அண்ணை, இன்னும் துடக்குக் கழியேல்லை!"

துடக்கு வீட்டுக்குள் கால் வைத்தால் கோயிலுக்குப் போக முடியாதே! நெருப்பை மிதித்தவர்போலத் துள்ளிப் பின்வாங்கிப் போய்விட்டார்.

மறுநாள் அவர் மனைவி தொலைபேசியில் அழுதார். "இவருக்குக் கடும் ஃப்ளூவாம். ஆஸ்பத்திரியிலை மறிச்சுப்போட்டினம். நல்லகாலம், துடக்கெண்டு உள்ளை வராமல் விட்டது!"

மகளை இறுக அணைத்துக்கொண்டேன்.

பிறகு, 'காய்ச்சல், தடிமன் உள்ளவர்கள் சுகமானபின் வரவும்' என்று கதவில் எழுதி ஒட்டினேன். ஒருவரும் சட்டை செய்வதில்லை. ஆகவே, மகள் தவழத் தொடங்கிய பிறகும், இருமிக்கொண்டு வருபவர்களுக்கு எங்கள் வீட்டில் துடக்கு இன்னும் கழியவில்லை!